வழிகாட்டல் யாருக்குக் கிடைக்கிறது? கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஒரு மருத்துவக் கல்விக் கேள்வி

கேள்வி

சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். அங்கிருந்து காரவள்ளி வழியாக ஏறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டையும் செம்மேட்டையும் அடைகிறது. மேலே வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு, குண்டூர் நாடு என்று நாட்டுப் பெயர் தாங்கிய ஊராட்சிகள். அங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். மலையில் பார்க்க முடியாத நோய் அடிவாரத்துக்கு இறங்குகிறது. அடிவாரத்தில் முடியாதது நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போகிறது.

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கியது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியோ இளையது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டின் வேறு 10 அரசு மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து அது திறந்துவைக்கப்பட்டது. பதினொரு கல்லூரிகளுக்கும் சேர்த்து 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள், அவற்றில் நாமக்கல்லுக்கு 100. முதல் அணி படிப்பை முடித்து ஹவுஸ் சர்ஜனாக (ஓராண்டுப் பயிற்சி மருத்துவராக) வார்டுக்குள் நுழையும் கட்டம், நாலரை ஆண்டுக் கணக்கின்படி, 2026ஐ ஒட்டி வருகிறது.

புதிய கல்லூரிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கட்டடம், படுக்கை எண்ணிக்கை, பேராசிரியர் பணியிடம் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது வேறொன்று. படித்து முடித்த முதல் சில ஆண்டுகளில் ஒரு மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று தீர்மானிக்கக் கற்றுக்கொடுப்பவர் யார்? அந்தத் துணை எல்லோருக்கும் கிடைக்கிறதா? பாடம் நடத்துவதும் மேற்பார்வை செய்வதும் விதிகளுக்கு உட்பட்டவை, கடமைப் பட்டியலில் இருப்பவை. ஒரு மூத்தவர் ஓர் இளையவரின் வளர்ச்சியைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வதையே இங்கே வழிகாட்டல் என்கிறேன். அது தானாக நிகழட்டும் என்று விட்டுவிட்டால் ஏற்கெனவே வழி தெரிந்தவர்களுக்கே போய்ச் சேர்கிறது; ஆகவே அதை ஏற்று நடத்தும் கடமை பயிற்சி மருத்துவமனைக்கு உண்டு என்பது என் வாதம்.

ஆய்வுகள் சொல்வது எவ்வளவு

வழிகாட்டலின் பயனைப் பற்றி மருத்துவக் கல்வி இலக்கியத்தில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் அடித்தளம் நாம் நினைக்கும் அளவுக்கு உறுதியானதன்று. 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் சம்புன்யாக், ஸ்ட்ராஸ், மாருஷிச் ஆகிய மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த 39 ஆய்வுகளில் 34, ஒரே ஒரு முறை வினாத்தாள் கொடுத்து ‘உங்களுக்கு வழிகாட்டி இருக்கிறாரா, பயன் உண்டா’ என்று கேட்டவை. மருத்துவ மாணவர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களுக்கே வழிகாட்டி இருந்தார். சில துறைகளில் ஆசிரியர்களிலேயே ஐந்தில் ஒருவருக்குக்கூட இல்லை. வழிகாட்டியைத் தேடிக்கொள்வது தமக்குக் கடினமாக இருப்பதாகப் பெண்கள் கூடுதலாகச் சொன்னார்கள். வழிகாட்டல் முக்கியமானது என்று எல்லோரும் கருதுகிறார்கள், ஆனால் அதை நிறுவும் சான்று வலுவாக இல்லை என்பதே அத்தொகுப்பின் நேர்மையான முடிவு.

இத்தகைய ஆய்வுகளில் தீராத ஒரு சிக்கல் உண்டு. வழிகாட்டி வாய்த்தவர் பின்னாளில் உயர்ந்தார் என்று காட்டிவிடலாம். வழிகாட்டியால் உயர்ந்தாரா, உயரக்கூடியவர் என்று தெரிந்ததால் வழிகாட்டி அவரைத் தேர்ந்துகொண்டாரா என்பதை ஒரு வினாத்தாள் பிரித்துச் சொல்லாது. இதை முறையியல் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. மூத்தவர் கண்ணில் படுகிறவர்கள் யார் என்னும் சமூகக் கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. நன்றாகப் பேசுகிறவர், ஆங்கிலம் தடையில்லாமல் வருகிறவர், தயக்கமின்றிக் கேள்வி கேட்கிறவர், தந்தையும் மருத்துவராக இருப்பவர் ஆகியோரே எளிதில் கண்ணில் படுகிறார்கள்.

இந்தியத் தரவுகள் வேறு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வருகின்றன. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மாணவர் மனநலப் பணிக்குழு 2024இல் அறிக்கை தந்தது. அதன் இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பங்கேற்றார்கள். தமக்கு மனநலக் குறைபாடு கண்டறியப்பட்டிருப்பதாக இளநிலையில் 27.8 விழுக்காட்டினரும் முதுநிலையில் 15.3 விழுக்காட்டினரும் சொன்னார்கள். தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு இது என்பதால் இந்த விழுக்காட்டை அப்படியே எல்லா மாணவருக்கும் பொருத்திவிட முடியாது. இருந்தும் பல்லாயிரம் பேர் வாய்திறந்து சொன்னதைப் புறந்தள்ளவும் முடியாது.

விதிகளில் வழிகாட்டலுக்கு இடம் இல்லாமல் இல்லை. 2019இல் வந்த திறன்சார் பாடத்திட்டம் தொடக்கத்திலேயே ஓர் அறிமுகப் பயிற்சியை வைத்தது. நோயாளியிடம் பேசும் முறை, நெறி ஆகியவற்றுக்குத் தனிப் பாட அலகு தந்தது. லாக் புக்கைக் கட்டாயமாக்கியது. பல கல்லூரிகளில் ஆசிரியர் ஒருவருக்கு இத்தனை மாணவர் என்று பிரித்து ‘மென்டர்’ பட்டியல் ஒட்டப்படுகிறது. பட்டியல் போடுவதில் தவறில்லை. ஆனால் அரசுக் கல்லூரியில் ஆசிரியர் கலந்தாய்வில் இடம் மாறுகிறார், மாணவர் ஒவ்வொரு துறையாகச் சுழல்கிறார். இருவரும் ஒரே நோயாளியின் படுக்கையருகே சேர்ந்து நிற்கும் வாய்ப்பைப் பட்டியல் உண்டாக்கித் தருவதில்லை.

மானிப்பாயும் வேலூரும்

தமிழ் பேசும் நிலத்தில் இந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டில் மானிப்பாயில் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1873இல் தாயகம் திரும்பும்வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, 60 பேருக்கு மேல் பயிற்றுவித்தார். மருத்துவமனையே வகுப்பறையாக இருந்த சிறிய பள்ளி அது. ஒவ்வொரு மாணவரையும் ஆசிரியர் நேரடியாக அறிந்திருந்தார்.

முதலில் அவர் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள் நல்ல சம்பளத்துக்கு அரசாங்க வேலைக்குப் போனார்கள், ஊரிலே தங்கவில்லை. அதன்பின் தமிழில் கற்பிக்கத் தலைப்பட்டார். அதற்காக உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். இந்த மாற்றத்தை மொழிப்பற்றின் கதையாக மட்டும் வாசிப்பது வழக்கம். வழிகாட்டலின் கதையாகவும் அதை வாசிக்க இடமிருக்கிறது. தன் மாணவன் நாளை எந்த ஊரில், யாருக்கு மருத்துவம் பார்க்கப் போகிறான் என்று கிறீன் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார். பயிற்சியை அந்த இடத்திலிருந்து பின்னோக்கி அமைத்தார். நம் கல்லூரிகளில் இந்த எண்ணம் அரிது. நாமக்கல்லில் பயிலும் ஹவுஸ் சர்ஜன் நாளை செம்மேட்டில் தனியாக இருப்பார் என்று நினைத்து அவரது ஓராண்டை யார் திட்டமிடுகிறார்கள்?

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது இன்னொரு வகை. மேரி வர்கீஸ் அங்கே இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல், கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவருடைய மருத்துவ வாழ்வு முடிந்தது என்றே யாரும் நினைத்திருப்பார்கள். தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீராக்கும் அறுவையில் முன்னோடியான பால் பிராண்ட் அப்படி நினைக்கவில்லை. கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும் என்று சொல்லி அவரை அதற்குப் பழக்கினார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டி எழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இந்த நிகழ்வை உருக்கமான கதையாகச் சொல்வது எளிது. ஆய்வுக்கு வேண்டியது அதன் நுட்பம். பிராண்ட் ஆறுதல் மட்டும் சொல்லி நிற்கவில்லை. இந்த உடலோடு எந்த வேலையைச் செய்ய முடியும் என்று தன் துறை அறிவைக்கொண்டு கணக்கிட்டார்; அந்த வேலையைக் கையில் கொடுத்தார்; கற்கும்வரை உடன் நின்றார். துறையறிவு இல்லாத அன்பு அங்கே போதுமானதாக இருந்திருக்காது. அன்பில்லாத துறையறிவுக்கு அந்த யோசனையே தோன்றியிருக்காது.

ஏணியில் நடுப்படி

மருத்துவம் பெரும்பாலும் மேலே உள்ள பேராசிரியரிடமிருந்து நேராக இறங்கி வருவதில்லை. ஒரு பெரிய அரசு மருத்துவமனை யூனிட்டில் சீஃப், உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள் என்று படிகள் உண்டு. காலை சீஃப் ரவுண்ட்ஸில் கிடைப்பது சிந்தனை முறை. ஊசி போட நரம்பு கிடைக்காதபோது எங்கே தேடுவது, மூச்சிரைக்கிற நோயாளியின் உறவினரிடம் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது, ஆய்வகத்திலிருந்து வந்த எண்ணை எப்போது நம்பக் கூடாது என்பனவெல்லாம் இரண்டாண்டு மூத்த பி.ஜி.யிடமிருந்தும் ஆறு மாதம் முன்னால் சேர்ந்த ஹவுஸ் சர்ஜனிடமிருந்தும் இரவு டூட்டியில் கிடைக்கின்றன. ‘அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்க’, ‘அக்கா, இது சரியா?’ என்று கூச்சமில்லாமல் கேட்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் இவர்களே.

புதிய கல்லூரியின் முதல் அணிக்கு இந்த நடுப்படி இல்லை. அவர்களுக்கு முன்னால் அக்கல்லூரியில் யாரும் படித்ததில்லை. முதுநிலை இடங்களும் ஒரு புதிய கல்லூரிக்குப் படிப்படியாகவே வரும். மேலே பேராசிரியர், கீழே ஹவுஸ் சர்ஜன், இடையில் வெற்றிடம். எந்தத் தனிக் கல்லூரியின் மீதும் சாட்டும் குறையாக இதைச் சொல்லவில்லை. 2022இல் ஒரே நாளில் பிறந்த பதினொரு கல்லூரிகளுக்கும் இது பொதுவான அமைப்புச் சிக்கல்.

முன்பும் இத்தகைய வெற்றிடங்கள் இருந்தன. வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியபோது அவர்களுக்கு மேலே இங்கே யாரும் இல்லை. சாண்டி மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். ராமமூர்த்தி இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று வந்தவர். இல்லாத ஆசானைக் கடல் கடந்து தேடிப் போனார்கள். திரும்பி வந்து அடுத்த தலைமுறைக்குத் தாங்களே ஆசான்களானார்கள். சென்னையின் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் பலர் தம் பயிற்சி மரபை இன்றும் ராமமூர்த்தியிலிருந்தே தொடங்குகிறார்கள். முதல் தலைமுறையின் தனிமையை ஈடுகட்ட ஒரு வழி வெளியிலிருந்து ஆசானைப் பெறுவது என்பதற்கு இவை சான்று. ஆனால் அங்கே இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறோம். நாமக்கல்லில் ஆண்டுக்கு நூறு பேர்.

நடுப்படியில் இருந்தும் கணக்கில் வராதவர் ஒருவர் உண்டு. பிரசவ வார்டில் ஹவுஸ் சர்ஜன் முதன்முதலாகக் குழந்தையின் தலையைக் கையில் ஏந்தும்போது அருகில் நின்று ‘அவசரப்படாதீங்க டாக்டர்’ என்று சொல்பவர் பல நேரங்களில் ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர்தான். இருபது ஆண்டு அனுபவம் உள்ள சிஸ்டரின் கண்ணுக்கு, இரத்தப்போக்கு வழக்கமானதா வரம்பு மீறுகிறதா என்பது அளவு எடுப்பதற்கு முன்பே தெரியும். நம் மருத்துவக் கல்வி இலக்கியம் வழிகாட்டியைத் தேடும்போது பட்டத்தில் மேலே மட்டும் பார்க்கிறது. நடுப்படி இல்லாத புதிய மருத்துவமனையில் அனுபவமுள்ள செவிலியர்களை முறையாகப் பயிற்றுநராக அறிவித்து, லாக் புக்கில் அவர்கள் கையெழுத்துக்கும் இடம் தந்தால் வெற்றிடத்தின் ஒரு பகுதி உடனே நிரம்பும். இதற்குப் புதிய பணியிடம் எதுவும் வேண்டாம். படிநிலை உணர்வைச் சற்றுத் தளர்த்தினால் போதும்.

ஒரு பாம்புக்கடி இரவு

வழிகாட்டலின் பயனை ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையாலும் பதவி உயர்வாலும் அளப்பது மேலை நாட்டு ஆய்வுகளின் வழக்கம். நம் சூழலில் அதை அளக்க வேண்டிய இடம் வேறு. பின்வருவது நடந்த நிகழ்வன்று. அடிவாரத்து மருத்துவமனை எதிலும் நடக்கக்கூடியதைக் கோத்துச் சொல்கிறேன்.

இரவு இரண்டு மணி. தரையில் பாய் விரித்துத் தூங்கியவர் வயிற்றுவலியோடு எழுந்திருக்கிறார். மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருகிறார்கள். கடிவாய் இல்லை, வீக்கமும் இல்லை. டூட்டியில் இருப்பவர் பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன உதவி மருத்துவர். வயிற்றுப்புண் என்று ஊசி போட்டு அனுப்பிவிட எல்லாக் காரணமும் இருக்கிறது. நோயாளியின் இமை லேசாகச் சரிவதைக் கவனித்தால் கதை மாறுகிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தூங்குகிறவரைக் கடிக்கிறது, தடயம் விடாமல் போகிறது. சில மணி நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். பாடநூலில் இது இருக்கிறது. தேர்வில் எழுதியும் இருப்பார். ஆனால் ஒரு முறையாவது ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று, ‘இமையைப் பார், மேலே பார்க்கச் சொல்’ என்று காட்டியிருந்தால்தான் இரவு இரண்டு மணிக்கு அந்த அறிவு கைக்கு வரும்.

அடுத்தது மருந்து. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குமான பொது நச்சுமுறிவு மருந்தை முதலில் பத்துக் குப்பி வரை ஏற்ற வேண்டும். அதற்கே ஒவ்வாமை வந்து இரத்த அழுத்தம் விழலாம். எனவே அட்ரினலின் ஊசி தயாராக இருக்க வேண்டும், மூச்சுக்குழாய் பொருத்தும் சாதனம் பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடியாக இருந்தால் 20 நிமிட இரத்த உறைதல் சோதனை செய்ய வேண்டும். உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை வைத்து அசைக்காமல் பார்ப்பது அது. சோப்புத் தூளில் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கக்கூடும். இதை ஒரு முறை நேரில் கண்டவர் மறக்க மாட்டார். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இத்தகைய இரவுகள் அரிதானவை என்று எண்ண வேண்டாம்.

இங்கே இளம் மருத்துவரை உலுக்குவது அறிவின்மையைவிடப் பெரிய ஒன்று. மருந்து ஏற்றி ஒவ்வாமையில் நோயாளி இறந்தால் கூட்டம் தன்னைச் சூழும். ஒன்றும் செய்யாமல் ரெஃபர் எழுதி 108இல் ஏற்றிவிட்டால், வழியில் என்ன நடந்தாலும் தன் பெயர் வராது. தற்காத்துக்கொள்ளும் இந்தக் கணக்கு கோழைத்தனமன்று. தனியாக விடப்பட்ட யாரும் போடும் கணக்குத்தான். அதை மாற்றும் ஆற்றல் வழிகாட்டிக்கு உண்டு. நாமக்கல்லில் உள்ள மூத்த மருத்துவர் தொலைபேசியில், ‘முதல் தவணை மருந்தை அங்கேயே ஏற்று. என்னிடம் கேட்டுத்தான் செய்தாய் என்று கேஸ் ஷீட்டில் என் பெயரை எழுது. பிறகு அனுப்பு, நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்வாரானால் பொறுப்பு இரண்டாகப் பிரிகிறது. வழிகாட்டலின் மதிப்பு என்று நான் கருதுவதில் பெரும் பங்கு இதுதான்: பழியைப் பகிர்ந்துகொள்ள முன்வரும் ஒரு பெயர்.

இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. எத்தனை பேர் மருந்து ஏற்றப்பட்ட பின் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேர் வெறுங்கையோடு அனுப்பப்பட்டார்கள் என்பது ரெஃபரல் பதிவேட்டிலும் கேஸ் ஷீட்டிலும் இருக்கும். பெயரிட்ட மூத்தவரோடு இணைக்கப்பட்ட மருத்துவமனைகளையும் இணைக்கப்படாதவற்றையும் ஓராண்டு ஒப்பிட்டால், ‘வழிகாட்டி பயனுள்ளவரா’ என்று கேட்கும் பத்து வினாத்தாள்களைவிட மேலான சான்று கிடைக்கும்.

வீட்டில் மருத்துவர் இல்லாதவர்கள்

தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டத்தை இயற்றியது. அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் இப்போது படிப்பை முடித்துவிட்டார்கள். பழங்குடியினருக்கு மாநிலத்தில் 1 விழுக்காடு ஒதுக்கீடு நெடுநாளாக உண்டு. இந்த வழிகளில் வருபவர்களில் பெரும்பாலோரின் குடும்பத்தில் இதற்கு முன் மருத்துவர் இருந்திருக்க மாட்டார். மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு இரவுச் சாப்பாட்டின்போதே கிடைத்துவிடும் செய்திகள் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. எந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டு, முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு எப்போது தயாராவது, அரசுப் பணியில் எந்த ஊரைக் கேட்பது, சீஃப் எல்லோர் முன்னாலும் திட்டினால் அதை எவ்வளவு தூரம் மனத்தில் ஏற்றுக்கொள்வது என்பவை அச்செய்திகள். முதல் நோயாளி கண்ணெதிரே இறந்த அன்று வீட்டுக்குப் பேசினால், ‘எனக்கும் அப்படி நடந்தது’ என்று சொல்லும் ஒருவர் மறுமுனையில் இருப்பது எத்தனை பெரிய சொத்து! அப்பா விவசாயக் கூலி என்றால் அவர் பரிதவிப்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார். அந்தப் பாசத்தால் மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இட ஒதுக்கீடு கல்லூரியின் வாசலைத் திறந்தது. உள்ளே நுழைந்த பின் கிடைக்கும் வழிகாட்டல் திட்டமின்றி, தானாக நடக்கும் ஒன்றாக விடப்பட்டால், முன்பு சொன்னபடி, ஏற்கெனவே கண்ணில் படுகிறவர்களிடம் அது போய்ச் சேரும். வாசலில் சரிசெய்த ஏற்றத்தாழ்வு வார்டுக்குள் மீண்டும் முளைக்கும். இதனால்தான் வழிகாட்டலை ஆசிரியரின் தனிப்பட்ட தாராளமாகக் கருத எனக்கு உடன்பாடில்லை. சமூகநீதிக் கொள்கையின் இரண்டாம் பாதி அது. முதல் பாதிக்குச் சட்டம் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு அத்தகைய சட்டம் இல்லை.

ஏணியின் மறுபக்கம்

மூத்தவர்–இளையவர் உறவைப் போற்றி எழுதும்போது அதன் கொடுமையை மறைப்பது நேர்மையாகாது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். மூத்த மாணவர் ஒருவர் குற்றவாளியெனத் தண்டிக்கப்பட்டார். அதன் தொடர்ச்சியாகவே தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் 1997இல் வந்தது. 2019 மே மாதம் மும்பை நாயர் மருத்துவமனையில் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த முதுநிலை மருத்துவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது சமூகப் பின்னணியைச் சொல்லித் துன்புறுத்தியதாக மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்குப் பதிவாயிற்று. இரண்டு நிகழ்வுகளிலும் இளையவரின் அன்றாடத்தை மூத்தவர் கையில் வைத்திருக்கும் அதே அமைப்பே களமாக இருந்தது. வழிகாட்டலும் வதையும் ஒரே ஏணியில் ஏறி இறங்குகின்றன.

இதைவிட மென்மையான கேடும் உண்டு. ‘சீஃபின் ஆள்’ என்று பெயரெடுத்தவருக்கு அறுவை அரங்கில் கத்தி கிடைக்கும். மற்றவர் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவரே வழிகாட்டியாகவும் இருந்தால், இளையவர் தன் குழப்பத்தையும் தவற்றையும் அவரிடம் எப்படித் திறந்து சொல்வார்? மதிப்பெண் போடுகிறவரும் மனம் விட்டுப் பேச வேண்டியவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது இதனால் அடிப்படை நிபந்தனை. வழிகாட்டியை மாற்றிக்கொள்ளக் காரணம் கேட்கப்படாத உரிமையும் வேண்டும். பெண்களுக்கும், ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வருபவர்களுக்கும் இந்த உரிமை இல்லாத வழிகாட்டல் திட்டம் பாதுகாப்பானதன்று.

எதிர்ப்பு இன்னொரு திசையிலிருந்தும் வரும். ஓ.பி.யில் ஒரு காலைக்கு நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் ஆசிரியரிடம் இன்னொரு வேலையைச் சுமத்துவதா? நியாயமான கேள்வி. முன்பு குறிப்பிட்ட மனநலப் பணிக்குழுவே வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் முதுநிலை மருத்துவரை வேலை வாங்கக் கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. அதை ஓர் உச்சவரம்பாகச் சொல்ல நேர்ந்ததே வேலைப்பளுவின் அளவைக் காட்டும். நேரம் ஒதுக்காமல் வழிகாட்டு என்று உத்தரவிட்டால் கிடைப்பது கையெழுத்துகள் மட்டுமே. வழிகாட்டும் நேரம் பணி நேரத்துக்குள், டூட்டி அட்டவணையில் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வெளியே

இளம் மருத்துவர் மிகத் தனிமையாக இருக்கும் காலம் பயிற்சி மருத்துவமனையை விட்டு வெளியேறிய பிறகே தொடங்குகிறது. நம் வழிகாட்டல் பேச்செல்லாம் கல்லூரி வாசலோடு முடிந்துவிடுகிறது.

தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவ இணையர் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் தொடங்கிய பழங்குடி நலப் பணியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அங்கும் பெரும்பாலோர் கொல்லிமலையைப் போலவே மலையாளிப் பழங்குடியினர். அந்த ஊர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். இளம் மருத்துவர்கள் அங்கே போய்த் தங்கி, மூத்தவர்களோடு சேர்ந்து வேலை செய்து கற்கிறார்கள். சேர்ந்து வாழ்வதாலேயே கற்பித்தல் தனி நேரம் கேட்பதில்லை. இதன் எல்லையும் தெரிந்ததே: இரண்டு மனிதர்களின் வாழ்நாள் அர்ப்பணிப்பை மாவட்டந்தோறும் அரசாணையால் உண்டாக்க முடியாது.

அரசு அமைப்புக்குள் இருக்கும் வழிகள் வேறு. 2021 முதல் சேரும் முதுநிலை மாணவர்கள் தம் படிப்பில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. இப்போது அது பெரும்பாலும் கூடுதல் கைகளைத் தரும் ஏற்பாடாகப் பார்க்கப்படுகிறது. அந்த மூன்று மாதத்தில் வாரம் ஒரு நாள் சேந்தமங்கலத்திலும் செம்மேட்டிலும் உள்ள மருத்துவரோடு சேர்ந்து ரவுண்ட்ஸ் போவதையும் அந்தப் பயிற்சியின் பகுதியாக்கினால், நடுப்படி இல்லாத மாவட்டத்துக்கு ஒரு தற்காலிக நடுப்படி கிடைக்கும். முதுநிலை மாணவருக்கும் மலையிலிருந்து வரும் நோயாளி எந்த நிலையில், எத்தனை மணி நேரம் கழித்து வருகிறார் என்பது நேரில் தெரியும்.

மலையில் பணியாற்றும் அரசு மருத்துவரை இழுத்து வைத்திருப்பது முதுநிலைப் படிப்பின் ஊக்க மதிப்பெண். கடினமான பகுதியில் செய்யும் ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 30 விழுக்காடு வரை கூட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. பணியில் உள்ளோருக்குத் தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது. இந்த ஊக்கம் இல்லாவிட்டால் மலையில் மருத்துவரே இருக்க மாட்டார் என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது ஆண்டுகளை மட்டும் எண்ணுகிறது. மூன்றாண்டில் ஒருவர் அந்த மக்களின் பேச்சையும், எந்த ஊரில் பிரசவத்துக்கு இறங்கி வரத் தயங்குவார்கள் என்பதையும், மழைக்காலத்தில் வளைவுகளில் வண்டி எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் கற்றிருப்பார். இடம் கிடைத்ததும் கிளம்புவார். அவருக்குப் பின் வருபவர் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கற்பார். அவர் கற்கும்வரை அதன் விலையை நோயாளிகள் கொடுப்பார்கள். கிளம்புகிறவரும் வருகிறவரும் ஒரே மருத்துவமனையில் இரண்டு வாரம் சேர்ந்திருக்க வேண்டும் என்றும், அந்த இரண்டு வாரக் கையளிப்பை முடித்த பின்பே மூன்றாம் ஆண்டின் ஊக்க மதிப்பெண் சேரும் என்றும் பணி விதியில் ஒரு பிரிவு சேர்க்கலாம். இரட்டைச் சம்பளம் இரண்டு வாரத்துக்கு மட்டுமே. கொல்லிமலையின் நிலையங்களில் அடுத்த இடமாறுதல் கலந்தாய்வின்போதே இதை நடத்திப் பார்க்க முடியும்.